நாலாம் நம்பர் காயில்

மஞ்சள் வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போதே மூக்கனுக்குத் தெரிந்துவிட்டது. வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் அப்படியே மூச்சை இழுத்துப் பார்த்தான். எரியாத பெட்ரோல். அதன் பின்னாலேயே அழுகின முட்டை நாற்றம். பச்சைப் பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெந்தால் வருகிற நாற்றம் அது. சாக்கடை நாற்றத்தைக்கூடச் சகித்துக்கொள்வான், இதை மட்டும் அவனால் முடியாது.

"உன் டாக்டரம்மா வந்துட்டாங்க, மூக்கா," என்றான் பெயிண்டர். பக்கத்துக் கொட்டகையில் கதவுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான். "நீ பார்த்து அனுப்பின வண்டி. தாய்வீட்டுக்கு வர்ற மாதிரி வந்து நிக்குது பாரு."

மூக்கன் வெளியே ஊர்ந்து வந்தான். மூக்கன் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. பானெட்டைத் திறந்தால் மற்றவர்கள் காதைக் கொடுப்பார்கள், இவன் மூக்கைக் கொடுப்பான். எண்ணெய் எங்கே கசிகிறது, எந்த ஒயர் வேகிறது, எந்த பெல்ட் தேய்கிறது என்று மோந்தே சொல்லிவிடுவான். லாரி ஷெட்டில் இருந்த காலத்தில் கூட்டாளிகள் வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆன பிறகு மனைவியின் அண்ணன், வேகக் கார்களைப் பழுது பார்க்கும் இந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, அதையே சொல்லி வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பார். "எங்க மாப்பிள்ளை மூக்கை வச்சா ஸ்கேனர் தோத்துடும்" என்பார். ஒர்க்‌ஷாப்புக்கு மேலேயே குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார். மூக்கு அவருடைய கடைக்கு ஒரு விளம்பரப் பலகை.

பல் டாக்டரம்மா வண்டியை விட்டு இறங்கினார். முகத்தில் ரத்தம் இல்லை.

"அதே வியாதிங்க, அண்ணே. போன தடவ என்ன சொன்னேனோ அதேதான்."

"உதறுதா?"

"லாரியத் தாண்டலாம்னு எதிர்த் தடத்துல ஏறிட்டேன். முக்கால்வாசி தாண்டியாச்சு. காலை முழுசா அமுக்குறேன், வண்டி உதறுது, இழுக்க மாட்டேங்குது. எதிர்ல இன்னொரு லாரி வருது. பின்னாடி பாப்பா தூங்குறா."

"அப்புறம்?"

"நான் தாண்டின லாரிக்காரர் பிரேக் போட்டு வழி விட்டாரு. அவர் புண்ணியம். அப்புறம் இறங்கி வந்து திட்டினாரு பாருங்க, ஒரு வார்த்தை தப்பா சொல்லல. எல்லாம் எனக்குத் தகுந்த வார்த்தைதான்."

சிரிக்கப் பார்த்தார். உதடுதான் கோணியது.

பேச்சைக் கேட்டுக்கொண்டே கண்ணாடி அறையிலிருந்து மச்சான் இறங்கி வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. கிரீஸும் புகையும் கலந்த காற்றில் அந்த சென்ட் சேர்ந்தால், செத்த எலியின் மேல் பூ போட்ட மாதிரி இருக்கும் மூக்கனுக்கு.

"கவலையே வேண்டாம், டாக்டர். மாப்பிள்ளை பார்த்துப்பான். புது காயில் போட்டு சாயங்காலம் கையில குடுத்துடறோம்."

"போன தடவயும் புது காயில்தானே போட்டீங்க?"

"சில சமயம் தயாரிப்பிலயே கோளாறு இருக்கும். கம்பெனிக்காரன் பண்றதுக்கு நாம என்ன பண்ண முடியும் சொல்லுங்க."

"நாளைக்கு விடிஞ்சதும் அதே ரோட்டுலதான் போகணும். பாப்பாவையும் கூட்டிட்டு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

"முடியாதுங்கற பேச்சே இங்க இல்லைங்க," என்றார் மச்சான்.

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. மூக்கனைப் பார்த்தார். மூக்கன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவர் சாவியைக் கொடுத்தார்.

ஸ்கேனரைச் செருகியதும் அது நாலாம் சிலிண்டர் என்றது. ஸ்கேனர் சொன்னதும் அந்தச் சாமானைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூக்கன் அந்த ரகம் இல்லை. இந்த வண்டியில் ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு காயில் குத்தி நிற்கும். பேட்டரியிலிருந்து வருகிற சொற்ப கரண்டைப் பல மடங்காக்கி அடியில் இருக்கும் பிளக்குக்குக் கொடுக்கும். பிளக் பொறி விடும், பெட்ரோல் பற்றும். காயில் செத்தால் பொறி இல்லை. பெட்ரோல் பச்சையாக வெளியே போகும். மற்ற ஐந்தும் ஒரு பிணத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல ஓடும்.

நாலாவது காயிலைக் கழற்றி இரண்டாவதன் இடத்தில் வைத்தான். இரண்டாவதை நாலில் வைத்தான். வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கினான். உதறல் காயிலோடேயே இரண்டாம் சிலிண்டருக்கு இடம் மாறியது. சந்தேகமே இல்லை, காயில்தான்.

சட்டைப் பையிலிருந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்தான். மனைவி ஒரு தடவை ஆசையாக வாங்கி, போட்டுப் பார்த்து, 'ரத்தம் கட்டின மாதிரி இருக்கு' என்று தூக்கிப் போட்ட அடர்சிவப்பு. இவன் எடுத்து வைத்துக்கொண்டான். செத்த காயில் எது, நல்ல காயில் எது என்று இடம் மாற்றும்போது குழம்பிவிடக் கூடாது. வெளியே புள்ளி வைத்தால் எண்ணெய்க் கையும் துணியும் பட்டு அழிந்துவிடுகிறது. அதனால் ஒயர் செருகும் வாய்க்கு உள்ளே, ஓரத்தில், குச்சியால் தொட்டு ஒரு புள்ளி வைப்பான். அது அவனுடைய பழக்கம். அவன் புள்ளி வைத்தால் அந்தக் காயிலுக்குச் சாவு எழுதியாகிவிட்டது.

"பொட்டு வச்சாச்சா?" என்றான் பெயிண்டர். "வீட்டுக்காரிக்கு ஒரு தடவயாவது வச்சு விட்டிருக்கியா?"

"அவ உதறினா வச்சு விடறேன்."

"உதறினா நீ வைக்க மாட்டே. ஓடுவே."

புள்ளி வைத்ததைப் பழைய இரும்பு டிரம்மில் எறிந்தான். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். புதுச் சாமானை அழுக்குக் கையால் தொடமாட்டான். குழாயடியில் எப்போதும் ஒரு எலுமிச்சை சோப்பு இருக்கும். வீட்டில் குளிக்கிற அதே சோப்புதான். மனைவி கட்டு கட்டாக வாங்கி, இவன் கைக்காக இங்கேயும் ஒன்றை வைத்துவிடுவாள்.

சாமான் அலமாரியிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து வெள்ளி ஸ்டிக்கரைக் கிழித்தான். பஞ்சுக்குள் காயில் பளபளவென்று படுத்திருந்தது. பழக்கதோஷத்தில் மூக்கு அருகில் போனது. புது ரப்பர் வாசனை. அதற்குப் பின்னால் லேசாக எலுமிச்சை. தன் கை என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது காயிலை அதன் இடத்திலேயே திரும்ப வைத்து, புதிதை நாலில் மாட்டினான். முடுக்கினான். பால் குடித்த பூனை மாதிரி ஓடியது வண்டி.

மச்சான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சூடேறாத காயிலில் வண்டி நன்றாக ஓடுவதைப் பார்த்து மூக்கன் ஏமாறமாட்டான். கிடங்குகளுக்குப் பின்னால் ஏறிப் போகிற மேட்டுச் சாலைக்கு வண்டியை எடுத்துப் போனான். கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. குழந்தை உட்காரும் நாற்காலி, அதன் மடிப்பில் பிஸ்கட் தூள், ஒற்றைச் செருப்பு. உள்ளங்கையில் வைத்தால் தெரியாது, அவ்வளவு சின்னது.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இன்ஜின் நன்றாகச் சூடேறியது. கடைசி ஏற்றத்தில் காலை முழுதாக அமுக்கினான். வண்டி விக்கியது. ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. மேட்டின் நடுவில் சக்தி செத்து, பின்னால் வந்த வேன்காரன் ஹாரனால் காதைக் கிழித்துவிட்டுப் போனான். ஜன்னல் வழியாக அந்த முட்டை நாற்றம் உள்ளே வந்து முகத்தில் அப்பியது.

இந்த மாதிரி திரும்பி வந்த வண்டிகள் கொஞ்சமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான். பெட்ரோலில் கலப்படம் என்றான். பிளக் மட்டம் என்றான். மழையில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றான். ஒரு பெரியவரை, உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறான். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, ஆறவிடாமல், விரல் வேக வேக நாலாவது காயிலைப் பிடுங்கினான். ஒயரை உருவினான். டார்ச்சை அதன் வாய்க்குள் அடித்தான்.

உள்ளே, ஓரத்தில், சிவப்பாக ஒரு புள்ளி.

முதலில் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. தவறி இப்போது வைத்த புள்ளியோ என்று நினைத்தான். டிரம்மைப் போய்ப் பார்த்தான். சற்று முன் எறிந்தது அங்கேயே கிடந்தது, அதன் புள்ளியோடு. கையில் இருப்பது பெட்டியிலிருந்து எடுத்தது. பளபளப்பான லேபிளை நகத்தால் உரித்தான். லேபிளுக்கு அடியில் குறுக்காக ஒரு கீறல். போன தடவை இதே வண்டியில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி அவனே போட்ட கீறல். காயில் மேல் கீறிவிட்டோமே என்று அன்றைக்கு வருத்தப்பட்டான், பிறகு செத்ததுதானே என்று டிரம்மில் போட்டான்.

டாக்டரம்மாவின் செத்த காயிலைக் கழுவி, லேபிள் ஒட்டி, டாக்டரம்மாவுக்கே புதிதென்று மாட்டியாகிவிட்டது. மாட்டினது அவன் கை.

 ஒருத்தி துப்பியதை வழித்தெடுத்து அவள் தட்டிலேயே திரும்ப வைத்த மாதிரி இருந்தது. அதுவும் ஸ்பூனைப் பளபளவென்று துடைத்து.

"என்ன மூஞ்சி இப்படிப் போச்சு?" என்று பெயிண்டர் எட்டிப் பார்த்தான். காயிலின் வாயைப் பார்த்தான், லேபிளைப் பார்த்தான். பட்டிக் கரண்டியைக் கீழே வைத்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் பெயிண்டு அடிக்கறவன்."

கேட்காமலே தெரியாது என்றானே, அதிலேயே மூக்கனுக்கு விளங்கியது.

கண்ணாடி அறைக்குள் ஏசி ஓடியது. மச்சான் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். கொட்டையைத் துப்பக் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார். மூக்கன் காயிலை அந்தக் கைக்குட்டையின் மேல் வைத்தான்.

"இது என்ன, மச்சான்?"

"காயிலு."

"யாரோடது?"

"பெட்டியில இருந்து எடுத்தா புதுசு. வண்டியில இருந்து எடுத்தா பழசு. இது எங்க இருந்து எடுத்தே?"

"ரெண்டுல இருந்தும்."

மச்சான் கொட்டையைத் துப்பினார். காயிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி வாய்க்குள் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று மூக்கன் எதிர்பார்த்தான். வந்தது எரிச்சல். வேலைக்காரி பாத்திரத்தில் பருக்கை விட்டுவிட்டால் வருகிற எரிச்சல்.

"சரி, ஒண்ணு தப்பி வந்துடுச்சு. வேற எடுத்து மாட்டு."

"வேற பெட்டியில மட்டும் என்ன இருக்குது?"

"மாப்ள, உட்காரு. நான் சொல்றதைக் கேளு. சூடானா போகுது, ஆறினா வேலை செய்யுது. அப்போ அது செத்துப் போச்சா, உயிரோட இருக்கா? நீயே சொல்லு. செத்ததுன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

"மேட்டுல நின்னுடுச்சு, மச்சான். அவங்க லாரிக்கு எதிர்ல நின்னிருக்காங்க. குழந்தையோட."

"லாரிக்காரன்தான் பிரேக் போட்டுட்டானே."

மூக்கன் அந்த வாயைப் பார்த்தான். பேரீச்சம்பழத்தின் தோல் முன்பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பல் அவனைப் பார்த்துச் சிரித்தது.

"நான் அந்த வண்டியை வெளிய விட மாட்டேன்."

"உன் மூக்கை எங்க வேணா நுழை, மாப்ள. என் பொட்டிக்குள்ள நுழைக்காதே." மச்சான் குரலை உயர்த்தவே இல்லை. "ரொம்ப யோக்கியன் மாதிரி பேசறியே. இதைத் தேய்ச்சுக் கழுவிப் பொட்டி கட்டறது யாருன்னு நினைச்சே? ஆள் வச்சா வெளிய பேசிடுவான்னு வீட்டாளுங்களை வச்சுத்தான் செய்யறேன். மேல போய்க் கேட்டுட்டு வா. கேட்டுட்டு வந்து என்கிட்ட நியாயம் பேசு."

மாடிப் படி ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம். ஏறும்போதே அவனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணி வீட்டில் தையல் வேலை, ஒத்தாசைக்குப் போய் வருகிறேன் என்று அவள் தினமும் கிளம்புவது. திரும்பி வந்தால் அவள் விரலில் அடிக்கிற தின்னர் நெடி. நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் என்று அவன்தான் நினைத்துக்கொண்டான். அவள் நகத்தில் பூச்சு எங்கே இருந்தது? ஒரு நாளாவது பார்த்தானா? வந்ததும் வராததுமாக எலுமிச்சை சோப்பு போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுவாள். பிறகு அவள்மேல் வீட்டு வாசனைதான் வரும். அந்த வாசனை அவனுடைய தலையணையில் உண்டு, சட்டையில் உண்டு, கையில் உண்டு. ஊரில் இருக்கிற அழுகலையெல்லாம் மோந்து சொல்கிறவனுக்குப் பெட்டிக்குள் இருந்த தன் வீட்டை மோந்து பார்க்கத் தெரியவில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

அவன் கையை நீட்டி உள்ளங்கையைத் திறந்தான். காயிலைப் பார்த்ததும் அவள் கை நின்றது. பிறகு சட்டையின் கையை மடித்து முடித்தாள். எடுத்து வாய்க்குள் பார்த்தாள்.

"ஒண்ணு தப்பிடுச்சா?" என்றாள்.

மூக்கன் ஒரு அடி கிட்டே வந்தான்.

"எது தப்பிடுச்சு?"

"இந்தப் புள்ளி. தின்னர் உள்ள போக மாட்டேங்குது. ஹேர்பின்னை விட்டுச் சுரண்டித்தான் எடுப்பேன். இது அண்ணி பார்த்த சாமானா இருக்கும். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

"அது என் புள்ளின்னு உனக்குத் தெரியுமா?"

"என் பாட்டிலு எனக்குத் தெரியாதா?"

"நான் எதுக்கு வைக்கறேன்னு?"

 மடித்த சட்டையின் மேல் இல்லாத சுருக்கத்தை நீவினாள். அவள் நகக்கண்ணில் சிவப்பாகத் தூள் அடைந்திருந்தது. அந்த விரலால்தான் காலையில் அவனுக்கு இட்டிலியோ ரொட்டியோ எதையோ வைத்தாள். என்ன தின்றான் என்று அவனுக்கு நினைவில்லை. 

"அண்ணன் கேட்டாரு. அவர் வீட்டுல இருந்துக்கிட்டு மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? குதிப்பீங்க. அப்புறம் ரெண்டு பேரும் தெருவுல நிக்கணும்." காயிலை அவன் கையில் திரும்ப வைத்தாள், உடையும் பொருளை வைப்பதுபோல. "வண்டிதானேங்க. நின்னா ஓரமா நிறுத்திட்டுப் போறாங்க."

"ஓரத்துல நிக்கல. நடு ரோட்டுல நின்னுச்சு. பின்சீட்டுல குழந்தை."

"எனக்கு அது எப்படித் தெரியும்?" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க? எதுவா இருந்தாலும் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பண்ணுங்க."

கீழே வந்தான். சாமான் அலமாரியைத் திறந்து ஒரு காயில் பெட்டியை எடுத்து ஸ்டிக்கரைக் கிழித்து மோந்தான். எலுமிச்சை. அடுத்ததைக் கிழித்தான். எலுமிச்சை. அடுத்தது தின்னரும் எலுமிச்சையும். ஒவ்வொன்றாகக் கிழித்து, மோந்து, தரையில் வைத்துக்கொண்டே போனான். பெயிண்டர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தான். வாட்டர் சர்வீஸ் ஆள் குழாயை மூடிவிட்டுப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. நல்லதாக ஒரு காயில், ஒரே ஒரு காயில் கிடைத்துவிட்டால் மாட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் மூக்கன் தேடினான். கடைசிப் பெட்டிவரை அவன் வீட்டு வாசனைதான் அடித்தது.

மஞ்சள் வண்டியின் பானெட்டைத் திறந்தான். நாலாம் சிலிண்டரின் குழி வெறுமையாகக் கிடந்தது. அதில் ஒரு சுத்தமான துணியை அடைத்தான். மற்ற ஐந்து காயிலின் ஒயர்களையும் உருவிவிட்டான். இனி யார் சாவி போட்டாலும் அது முனகுமே தவிர ஓடாது. அதன் பக்கத்தில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

வெயில் தணிந்தபோது டாக்டரம்மா வந்தார். மச்சான் முந்திக்கொண்டு இறங்கினார். சென்ட்டைப் புதிதாக அடித்திருந்தார்.

"சின்னத் தாமதம், டாக்டர். மாப்பிள்ளை இன்னொரு தடவ செக் பண்ணணும்னு அடம் பிடிக்கறான். நீங்க காலைல வந்து—"

"வண்டி ஓடாது, டாக்டரம்மா," என்றான் மூக்கன். எழுந்து காயிலை நீட்டினான். "ஒயர் செருகற இடத்துல பாருங்க."

"மாப்பிள்ளைக்குக் காலைல இருந்து தலைவலி," என்றார் மச்சான்.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்தார். சொத்தைப் பல் பார்க்கிறவர்போல ஒற்றைக் கண்ணை மூடிக் காயிலின் வாய்க்குள் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"நான் வச்சது. செத்துப்போச்சுன்னு அடையாளம். போன தடவ உங்க வண்டியில இருந்து கழட்டினப்ப வச்சேன்."

"கழட்டினது எப்படி இங்க வந்துச்சு?"

"கழுவி, லேபிள் ஒட்டி, பெட்டி கட்டி வந்துச்சு. இன்னைக்கு நான்தான் மாட்டினேன். ஓட்டிப் பார்த்தப்ப நின்னுடுச்சு. அப்பதான் பார்த்தேன்."

"போன தடவ மாட்டினது?"

"அதுவும் இதே மாதிரி எவன் வண்டியோ துப்பினதுதான்."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. டார்ச்சை அணைத்தார். கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து விரல் ஒவ்வொன்றையும் துடைத்தார். இன்னொன்றை எடுத்துக் காயிலைச் சுற்றிப் பைக்குள் போட்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும்."

"டாக்டர், உட்கார்ந்து பேசலாம்," என்றார் மச்சான். முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா தள்ளிப் போய்ப் போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் வண்டி இழுத்துப் போகிற லாரி கேட்டுக்குள் வந்தது. அவர் பின்கதவைத் திறந்து குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டார். மஞ்சள் வண்டியை லாரியின் பலகைவரை தள்ள வேண்டும். மூக்கன் ஓடிப் போய்ப் பின்பக்கம் கை வைத்தான்.

"நீங்க தொடாதீங்க," என்றார் டாக்டரம்மா.

உரக்கச் சொல்லவில்லை. மச்சானைப் பார்த்த அதே கண்ணால் அவனைப் பார்த்துச் சொன்னார். மூக்கன் கையை எடுத்துக்கொண்டான். லாரிக்காரனும் பெயிண்டரும் தள்ளினார்கள். மெழுகு போட்ட மஞ்சள் பெயிண்டில் அவனுடைய விரல் ஐந்தும் கரியாகப் பதிந்திருந்தன. வண்டி கேட்டைத் தாண்டுகிறவரை அது தெரிந்தது.

லாரி போனதும் மச்சான் பேசினார். மாப்பிள்ளை என்ற வார்த்தையை அதன்பின் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நன்றி கெட்டவன் என்றார். லாரி ஷெட்டில் கிரீஸோடு கிரீஸாகக் கிடந்தவனை மனுஷனாக்கினேன் என்றார். மேல் வீட்டை விட்டு இறங்கு என்றார். என் தங்கச்சி எங்கேயும் வரமாட்டாள் என்றார். பேசப் பேச அவர் வாயிலிருந்து பேரீச்சம்பழ எச்சில் தெறித்தது. மூக்கன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க போவே, மூக்கா?" என்று பெயிண்டர் மெதுவாகக் கேட்டான்.

"லாரி ஷெட்டு இன்னும் அங்கயேதானே இருக்குது."

"அங்கயும் நாத்தம்தான்."

"அது டீசல் நாத்தம்."

குழாயடிக்குப் போனான். மாடிப்படியின் நடுவில் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். கண் சிவந்திருந்தது.

"சோப்பு அங்கயே இருக்கு பாருங்க," என்றாள். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் சொன்னாள்.

அவன் சோப்பைக் கையில் எடுத்தான். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். வெறும் தண்ணீரில் கையைக் கழுவினான். கரி போகவில்லை. தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. சட்டைப் பையிலிருந்த நகப்பூச்சு பாட்டிலை எடுத்துச் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தான். ஈரக் கையோடு படியேறி, அவளைத் தாண்டும்போது நின்றான்.

"நான் துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன். நீ இருக்கறதுன்னா இரு. வர்றதுன்னா வா."

அவள் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வந்தா," என்றான், "அந்தச் சோப்பை மட்டும் கொண்டு வராதே."